வாங்கினார் என்று எழுதச் சொன்னீர்கள்

கல்முனைக்குடி
2025 ஆகஸ்ட் 8, வெள்ளி இரவு

அன்புள்ள முர்ஷித் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வேறெதையும் வாசிக்கும் முன் இதை வாசியுங்கள். தங்கச்சி எழுதுகிற இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்ட வேண்டாம். கொண்டு வருகிற வினோதன் அண்ணனுக்கும் காட்ட வேண்டாம். வாசித்ததும் கிழித்து, ஒரே இடத்தில் போடாமல் இரண்டு மூன்று இடத்தில் போடுங்கள். பொத்துவிலில் நமக்குத் தெரிந்தவர்கள் இல்லை என்று நினைப்பீர்கள். நமக்குத் தெரிந்தவர்கள் இல்லாத இடம் என்று ஒன்று இந்தக் கரையில் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

பரீட்சை முடியும்வரை என் போன் வாப்பாவின் அலுமாரியில் இருக்கிறது. உம்மாவின் போனை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள். உங்கள் போனோ திங்கட்கிழமையிலிருந்து வேலை செய்யவில்லை. அதனால் கடிதம். ரியூஷனில் என்னோடு படிக்கிற துசாந்தினியின் அண்ணன்தான் பொத்துவில் பஸ்ஸில் கொண்டக்டர் வினோதன். கணக்குக் கொப்பியின் உறைக்குள் வைத்து அவளிடம் கொடுப்பேன்.

நெல் மூட்டை அடுக்கிய அறையில் இருந்து எழுதுகிறேன். நெல்லுச் சுணை கழுத்தைக் கடிக்கிறது. பின் கதவு என் முதுகுக்குப் பக்கத்தில். நீங்கள் பிந்தி வரும் நாட்களில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கி முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவீர்களே, அந்தக் கதவுதான். வாப்பாவுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். இப்போது பல்லி விழுந்தாலும் கடுதாசியை மறைக்கிறேன்.

வீட்டில் நடந்ததை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். போன சனியும் ஞாயிறும் நம்முடைய வயல் வெட்டு. அறுவடை மெஷின் அந்த இரண்டு நாளுக்குத்தான் கிடைத்தது. "அக்கரைப்பற்றுக் கடையில் வேலை கூட, லீவு தரமாட்டார்கள்" என்று நீங்கள் சொன்னதை வாப்பா நம்பினார். ஜெமீல் மாமா திங்கள் காலையில் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மச்சான், பாத்தீங்களா மருமகன? அறுநூறு கிலோமீற்றர் சைக்கிள் ஓடுறான். நம்மட கடைல வெச்சி எடுத்த படம்."

"எப்ப எடுத்த?"

"ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு."

"ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு நான் வட்டைல மெஷினுக்குப் பின்னால சாக்குப் புடிச்சிக்கிட்டு நிண்ட. இவன் கடைல வேல எண்டான்."

மாமாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. "சல்லி ஒரு சதம் எடுக்கல்ல மச்சான். மருமகன்ட சல்லி எடுப்பனா? அதையும் நெட்டுல எழுதித்தான் போட்டிரிக்கன்."

வாப்பா சத்தம் போடவில்லை. "அந்தச் சைக்கிள் இந்த வளவுக்குள்ள வரப்படாது. அதுல ஏறி வாறவனும் வரப்படாது" என்றார். பிறகு சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார்.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் யாரோ எழுதியிருந்ததை மாமா பாராட்டு என்று நினைத்து, என்னிடம் வாசிக்கச் சொன்னார். 'இது வெளியுதவி. இவருடைய முடிவு ரத்தாக வேண்டும்' என்று இருந்தது. மாமாவிடம் 'நல்லா எழுதியிரிக்காங்க' என்று சொல்லிவிட்டேன். அது என்ன உதவி, காக்கா? தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் நன்மை எழுதப்படும் என்றுதான் நான் சின்ன வயதிலிருந்து படித்தேன். உங்கள் ஆட்களின் புத்தகத்தில் அதைக் குற்றம் என்று எழுதுவார்களா?

இன்னொரு பயமும் இருக்கிறது. அந்தப் படத்தில் தயிர்க் கரண்டி பிடித்த ஒரு கை தெரிகிறது. முகம் இல்லை. ஹபாயாவின் கைவிளிம்பில் நான் நீல நூலால் தைத்த இடம் தெரிகிறது. ரியூஷனுக்குப் போன பிள்ளை பெருந்தெருக் கடையில், ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்று ஊட்டிக்கொண்டிருந்தாள் என்று வாப்பாவுக்குத் தெரிந்தால் என் படிப்பு அன்றோடு சரி. ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மாவின் போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கும்போது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறேன்.

நான் கொடுத்த தயிரால்தான் உங்கள் பெயர் போனதா? ஓம் என்றால் ஓம் என்று எழுதுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்.

றிப்னா


பொத்துவில்
ஆகஸ்ட் 12

றிப்னா,

வஅலைக்கும் ஸலாம். ஓம்.

ஆனால் பிழை உன்னில் இல்லை. ஓடுகிற பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் சிரிக்காதே.

எங்கள் சைக்கிள் ஓட்டத்தின் சட்டம் இதுதான். திருகோணமலையில் தொடங்கி, கரையோரமாகப் பொத்துவில் தாண்டி, மொனராகலைப் பக்கம் ஏறி, அதே வழியால் திரும்பி வர வேண்டும். அறுநூறு கிலோமீற்றர், நாற்பது மணித்தியாலம். வழியில் எல்லாருக்கும் திறந்திருக்கிற கடையில் காசு கொடுத்து எதையும் சாப்பிடலாம். தெரிந்தவர், சொந்தக்காரர் சும்மா கொடுத்தால் தொடக்கூடாது. கொழும்பில் இருந்து வந்தவர்களுக்கு அது சின்ன விடயம். அவர்களுக்கு இங்கே எல்லாரும் அந்நியர். எனக்கு மருதமுனையில் தொடங்கி அக்கரைப்பற்று வரைக்கும் எந்தக் கடையில் இறங்கினாலும் யாரோ ஒரு மாமா, யாரோ ஒரு மச்சான். போகும்போது நிந்தவூரில் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு கொடுக்கக் கால் மணித்தியாலம் சண்டை பிடித்தேன். "என்னடா, நாங்க வெளியாக்களா?" என்று அந்த மனிசன் கோவித்துக்கொண்டார். நாற்பது மணித்தியாலத்தில் அந்தக் கால் மணித்தியாலம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஜெமீல் மாமாவின் கடைக்கு வரும்போது சண்டை பிடிக்கத் தெம்பு இல்லை.

நான் முப்பத்தெட்டு மணித்தியாலத்தில் முடித்தேன். அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போல.

இப்போது ஓட்டத்தை நடத்துகிறவர்கள் என் முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த மாதம் 25ஆம் திகதிக்கு முன்னால், சாப்பாடு கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று போனால் திருப்பி யோசிப்பார்கள். மாமாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். "மருமகனுக்குத் தயிர் வித்தன் எண்டு நான் கையெழுத்துப் போடுறதா? ஊர் சிரிக்கும்" என்று சொல்லிவிட்டார். கொலைக் குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொன்னால் கூட மனிசன் யோசித்திருப்பார். ஆகவே கொடுத்தவர் நீ.

பொய் எழுது என்று உன்னைக் கேட்கமாட்டேன். பொய்ச் சாட்சி என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். ஒரே ஒரு வரி எழுது: 'முர்ஷித் என்னிடமிருந்து ஒரு கோப்பை தயிர் வாங்கினார்.' அவ்வளவுதான். நீ தந்தாய், நான் வாங்கினேன். அதில் பொய் எங்கே? அவர்கள் அதை ஆங்கிலத்தில் மாற்றும்போது காசு கொடுத்து வாங்கியதாக எடுத்தால் அது அவர்களுடைய பாடு. நம்முடைய பாசையில் இரண்டுக்கும் ஒரே சொல். இப்படி ஒரு வசதி வேறு யாருக்குக் கிடைக்கும்?

இந்த அறுநூறு பதிவில் இருந்தால்தான் அடுத்த வருடம் வெளிநாட்டில் ஆயிரத்து இருநூறுக்குப் பெயர் கொடுக்கலாம். நம்முடைய பக்கத்திலிருந்து ஒருவரும் போனதில்லை.

நீ ஊட்டியது பற்றி யாரும் கேட்டால், நான் போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தேன், நேரத்தை மிச்சம் பிடிக்க ஊட்டினாய் என்று சொல். கடையில் லீவு போட்டுவிட்டு இங்கே வெள்ளைக்காரருக்குச் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் நிற்கிறேன். சுகமாக இருக்கிறேன்.

முர்ஷித்


கல்முனைக்குடி
ஆகஸ்ட் 14, வியாழன் இரவு

காக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பொய்யாக அகப்பட்டது.

முதலாவது, நீங்கள் அதைப் பஸ்ஸில் எழுதவில்லை. பொத்துவில் பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் இருந்து ஒரு மணித்தியாலம் எழுதினீர்கள் என்றும், பஸ் வெளிக்கிடக் காத்துக்கொண்டு நின்றது என்றும் வினோதன் அண்ணன் துசாந்தினியிடம் சொல்லியிருக்கிறார். பேனையைக் குழந்தை பிடிக்கிற மாதிரி முழுக் கையாலும் பிடித்தீர்களாம். பாடசாலையில் எழுத்துக்குப் பரிசு வாங்கிய ஆள் நீங்கள். 'றிப்னா' என்ற என் பெயரே றோட்டில் விழுந்து எழும்பியது போல இருக்கிறது.

இரண்டாவது, லீவு. உம்மா நேற்று நீங்கள் போன் திருத்துகிற அக்கரைப்பற்றுக் கடைக்குப் போன் எடுத்தா. ஒரே நாளில் மூன்று போனின் கண்ணாடியை உடைத்துவிட்டு, யாரும் ஒன்றும் சொல்லும் முன்னே நீங்களே எழும்பிப் போய்விட்டீர்களாம். "சின்ன ஆணியப் புடிக்கேலாம நிண்டவன். கைல ஏதும் வருத்தமா?" என்று முதலாளி கேட்டாராம். உம்மா போனை வைத்துவிட்டு அரிசி புடைத்தா. புடைத்த அரிசியையே திரும்பவும் புடைத்தா.

மூன்றாவதுதான் பெரியது. நேரத்தை மிச்சம் பிடிக்க நான் ஊட்டினேனாம். போனில் வழி பார்த்தீர்களாம். உங்கள் போன் மேசையில் குப்புறக் கிடந்தது காக்கா. பெருந்தெருவில் பிறந்து வளர்ந்த ஆளுக்குக் கல்முனையில் என்ன வழி?

நடந்ததை நான் சொல்கிறேன். ரியூஷன் விட்டு வரும்போது மாமாவின் கடை வாசலில் சைக்கிள் சாய்ந்திருந்தது. கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. உங்கள் உதடு வெடித்து, கண் இரண்டும் உள்ளே போய், மாமாவின் மேசையில் வயதாளி ஒருவரைப் போல இருந்தீர்கள். மாமா தயிரும் சீனியும் வைத்தார். கரண்டியை எடுத்தீர்கள். விழுந்தது. திரும்ப எடுத்தீர்கள். அதுவும் விழுந்தது. மூன்றாம் தரம் எடுக்காமல், கையை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அது வேறு யாருடையதோ என்பது போல. மாமா போனைத் தேடிக்கொண்டிருந்ததால் காணவில்லை. நான் கண்டேன். அதனால்தான் உள்ளே வந்தேன். அதனால்தான் ஊட்டினேன். கோப்பை முடிந்ததும் "யாருக்கும் சொல்லாத" என்றீர்கள். நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கே நீங்கள் மாற்றிச் சொன்னால் எப்படி?

ஆனியில் நானூறு ஓடிவிட்டு வந்தபோதும் சேட்டுப் பொத்தானைப் பல்லால் பிடித்துப் போட்டீர்கள். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது எனக்கு என்னையே அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

அறுநூறுக்கு என்ன செலவு என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லாரும் சைக்கிளின் விலையைத்தான் கேட்கிறார்கள்.

உங்கள் கொழும்புக்காரர்களில் எனக்குக் கோபம். மருமகனுக்குச் சோறு போடுவதைக் குற்றமாக்கிவிட்டு, கரண்டி பிடிக்க முடியாத ஆளை இன்னும் நூற்றெழுபது கிலோமீற்றர் ஓடவிட்டார்கள். அதற்குச் சட்டம் இல்லையா? மாமாவிலும் கோபம். பாசத்தைப் படம் எடுத்துப் போடாமல் இருக்க அவரால் முடியாதா? உங்களில்தான் ஆகக் கூடிய கோபம். ஒரு சொல்லுக்குப் பின்னால் என்னை ஒளிந்துகொள்ளச் சொல்கிறீர்கள். கையெழுத்து என்னுடையது, காக்கா. மறுமையில் கேட்கிற நாளில் சொல்லை யாரும் கேட்கமாட்டார்கள், என்ன நினைத்து எழுதினாய் என்றுதான் கேட்பார்கள்.

நான் எழுதமாட்டேன்.

இன்னொன்று. இன்று காலை ஹபாயாவைப் போடும்போது கைவிளிம்பில் நீல நூலைக் காணவில்லை. பிரித்து, கறுப்பு நூலால் தைத்திருக்கிறது. உம்மாவின் ஊசியில் கறுப்பு நூல் இன்னும் கோர்த்தபடி இருந்தது.

வைத்தியரிடம் போனீர்களா?

றிப்னா


பொத்துவில்
ஆகஸ்ட் 20

றிப்னா,

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல வினோதன் எழுதுகிறார். இதுக்கு மேல் அதைப் பற்றி நீ ஒன்றும் கேட்காதே.

வைத்தியரிடம் போனேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்கிறார். கைபிடியில் பாரத்தைப் போட்டு அவ்வளவு நேரம் ஓடியதால் வந்தது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் ஒன்றும் அறியாது, இடது கை கொஞ்சம் பரவாயில்லை. மாதக் கணக்கில் சைக்கிளைத் தொடாமல் இருந்தால் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அதை யாராலும் சொல்ல முடியாதாம்.

ஆகவே அந்த அறுநூறுதான் என்னிடம் மிச்சம். விரல் போய்விட்டது, வேலை போய்விட்டது, வாப்பா வாசலை மூடிவிட்டார். இவ்வளவையும் கொடுத்துவிட்டு, ஓடினேன் என்று ஒரு கடுதாசி கூடக் கையில் இல்லாமல் இருந்தால் நான் எதுக்காக ஓடினேன்? மொனராகலைப் பக்கம் விடியும்போது, தனியாக, ஒரு மலையை ஏறி முடித்தேன். என் வாழ்க்கையில் நான் யாருடைய மகனும், யாருடைய மருமகனும் இல்லாமல், வெறும் முர்ஷித்தாக இருந்தது அந்த ஒரு நாள்தான். அதை ஒரு கோப்பைத் தயிருக்காக இல்லை என்று சொல்லப்போகிறார்கள்.

25ஆம் திகதி கடைசி நாள். ஒரு சொல். இனிமேல் கேட்கமாட்டேன். வீட்டுக்கும் வரமாட்டேன், வாப்பாவை நிம்மதியாக இருக்கச் சொல்.

முர்ஷித்

(தங்கச்சி, நான் வினோதன். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். சேட்டுப் பொத்தானை ரெண்டு கிழமையா நான்தான் பூட்டிவிடுறன். அதை எழுத வேணாம் எண்டவர், எழுதிட்டன். வெள்ளிக்கிழமை என்ட கடைசி பஸ் ராவு பத்துக்குக் கல்முனைக்கு வரும். ஏறச் சொல்லிக் கேட்டுப் பாக்கிறன். மாடு மாதிரி நிக்கிறார்.)


கல்முனைக்குடி
ஆகஸ்ட் 22, வெள்ளி இரவு

காக்கா,

நாளை காலை இது துசாந்தினியின் கைக்குப் போகும், திங்களுக்கு முன் உங்களிடம் வரும்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு எழுதத்தான் இருந்தேன், நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை. வெறும் முர்ஷித்தாக இருந்தேன் என்று சொன்ன இடத்தில் எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு பேனையை எடுத்தேன். பிறகு அந்த வரி உங்களை எங்கே கொண்டுபோகும் என்று யோசித்தேன். ஆயிரத்து இருநூறுக்குக் கொண்டுபோகும். மற்ற விரல்களையும் கொண்டுபோகும். அப்போது உங்களுக்கு ஊட்ட நான் வெளிநாட்டில் இருக்கமாட்டேன்.

இன்று மஃரிபுக்குப் பிறகு வாப்பா என்னைக் கூப்பிட்டார். கையில் உம்மாவின் போன். அந்தப் படம், முழுதாகப் பெரிதாக்கியபடி.

"இஞ்ச வா. இது ஒண்ட கைதானே?"

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"நூல மாத்தித் தச்சா எனக்குத் தெரியாதா? ஒண்ட கைய எனக்கு எப்பயோ தெரியும். நான் அதப் பாக்கல்ல. இதப் பாரு."

அவர் விரல் வைத்த இடத்தில் என் கை இல்லை. உங்களுடைய கை இருந்தது. மேசையில், இரண்டு விரலும் உள்ளே மடிந்து, சும்மா கிடந்தது.

"மூணு வயசிலயே ஊட்ட உடமாட்டான், கோப்பையப் பறிச்சித் தானே திண்பான். இப்ப வாயத் தொறந்துகிட்டு இரிக்கான். என்ன நடந்த அவன்ட கைக்கு?"

இரண்டு கிழமையாக அவர் பெரிதாக்கிப் பார்த்தது அதைத்தான். நான் என் கையை ஒளித்துக்கொண்டு திரிந்தேன்.

சொல்லிவிட்டேன் காக்கா. கரண்டி விழுந்தது, மூன்று போன், வைத்தியர், பொத்தான், எல்லாம் சொல்லிவிட்டேன். என்னோடு கோபித்துக்கொள்ளுங்கள். வாப்பா கேட்டு முடியும்வரை போனை அணைக்கவில்லை. பிறகு, "அறுநூறு கிலோமீற்றர் ஓடுவானாம், ஒரு கரண்டி தூக்க மாட்டானாம். அத எனக்கு வந்து சொல்லவும் மாட்டானாம். என்னத்துக்குடா நான் இரிக்கன்?" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துத்தான் சொன்னார். உம்மா அடுப்படியில் நின்று, "நீங்கதானே வரப்படாது எண்டயள்" என்றா. "சைக்கிளோட வரப்படாது எண்டுதான் சொன்ன" என்றார். அவர் என்ன சொன்னார் என்று உம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடையில் நின்றதற்கு எனக்கும் ஏச்சு இருக்கிறது. அது நாளைக்காம்.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அதில் இருப்பதை இங்கேயும் எழுதுகிறேன், தாள் தவறினாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று:

'ஆகஸ்ட் 3ஆம் திகதி, காலை பத்து மணியளவில், கல்முனைக்குடியில் என் மாமாவின் கடையில் என் சகோதரர் முர்ஷித் தயிர் வாங்கவில்லை. காசு கொடுத்து வாங்கவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் மருமகனிடம் காசு எடுக்க யாருக்கும் தெரியாது. கையால் வாங்கவும் இல்லை, ஏனென்றால் அவருடைய கையால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. நான் ஊட்டினேன். அவர் என்னிடம் கேட்கவும் இல்லை. இது வெளியுதவி என்றால் அந்தக் குற்றத்தை என் பெயரில் எழுதுங்கள். உங்கள் புத்தகத்தில் என் பெயருக்கு இடம் இல்லாவிட்டால், அவருடைய பெயருக்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: முப்பத்தெட்டு மணித்தியாலத்தில் முடித்தார். கடைசி நூற்றெழுபது கிலோமீற்றரையும் இந்தக் கையோடு ஓடினார். அதை நீங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.'

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முழுப் பெயர். அனுப்புவதும் கிழிப்பதும் உங்கள் விருப்பம். அனுப்பினால் உங்கள் அறுநூறு போகும், எனக்குத் தெரியும். கிழித்தாலும் வேறு தாள் என்னிடமிருந்து வராது. வாங்கினார் என்று எழுதச் சொன்னீர்கள். நம்முடைய சொல்லில் எத்தனை அர்த்தம் இருந்தாலும், அன்றைக்கு நடந்தது ஒன்றுதான். அது அந்தச் சொல்லுக்குள் இல்லை.

மலை ஏறியது உங்களிடம்தான் இருக்கிறது. அதை அவர்களால் ரத்துச் செய்ய முடியுமா? நான் இன்னும் பெருந்தெருவைத் தாண்டித் தனியாக எங்கும் போனதில்லை. அதை எனக்கு ஒரு நாள் ஆறுதலாகச் சொல்லுங்கள், கடிதத்தில் இல்லை, வாயால். விடியும்போது அங்கே என்ன

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மணி பத்தரை.

பின் கதவு. வாப்பா இல்லை, அவர் முன் அறையில் இருமுவது கேட்கிறது. விரல் முட்டியால் தட்டுகிற சத்தமும் இல்லை. உள்ளங்கையால், மெதுவாக, இரண்டு தரம்